டிஷ் எதை நம்பித் திரும்புகிறது?

ஓடும் கப்பலிலிருந்து செயற்கைக்கோளைப் பின்தொடரும் ஆன்டெனாவுக்காகக் காப்புரிமை வழக்கு வந்தால், இரு தரப்பும் முதலில் நீட்டுவது விளம்பரக் கையேட்டை. அதை ஓரமாக வைக்கலாம். டிஷ்ஷின் மோட்டாரைத் திருப்புவது வரும் சிக்னலின் அளவா, கைரோவா (ஆட்டத்தையும் திரும்பலையும் உணரும் கருவி) என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் இரண்டும். கப்பலின் ஆட்டத்தைக் கைரோ சமாளிக்கும். கைரோ மெல்ல நழுவும் பிழையைச் சிக்னல் திருத்தும். ஆகவே கப்பல் போல ஆட்டிக்காட்டும் சோதனை மேடையில் அரை நிமிடம் ஓட்டிவிட்டு ‘சிக்னலைப் பின்தொடரவில்லை’ என்று எழுதக்கூடாது. சிக்னலை வெறுமனே துண்டித்தாலும் பயனில்லை, டிஷ் தேடலில் இறங்கிவிடும். ஏற்ற இறக்கமில்லாத சிக்னலை ரிசீவருக்குக் கொடுத்துக் கால் மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அப்போது டிஷ் நழுவி, நிஜ சிக்னலில் நழுவாதிருந்தால், இத்தனை நாளும் அதைத் திருத்தியது எது என்பது தெரிந்துவிடும். கப்பலின் கைரோகாம்பஸ் (வடக்கைக் காட்டும் கருவி) இணைப்பு இருந்தால் கிடைமட்ட நழுவல் மறைந்துபோகும், ஜாக்கிரதை.

60 செ.மீ. டிஷ்ஷின் கற்றை, அதாவது அது சிக்னலை நன்றாக வாங்கும் கோண அகலம், 12 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 பாகை. 0.3 பாகை தப்பினால் இழப்பு வெறும் 0.12 டெசிபல், எந்தப் பக்கம் தப்பியது என்பதும் தெரியாது. அதனால்தான் கற்றையை வேண்டுமென்றே இருபுறமும் சற்று ஆட்டி அளவை ஒப்பிடுகிறார்கள். அது விநாடிக்குப் பல முறை நடக்கும். விநாடிக்கு ஒரு பதிவு எடுத்தால் கண்ணில் படாது. நிபுணர் அறிக்கைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்த யுக்தியும் பழசு. இரண்டாம் உலகப் போரின் எஸ்சிஆர்-584 ரேடார் கற்றையைக் கூம்பாகச் சுழற்றித்தான் விமானங்களைத் தொடர்ந்தது. ஆனால் அதை மட்டும் காட்டிக் காப்புரிமையைச் சாய்க்க முடியாது. காப்புரிமைக் கோரிக்கையில் (எதற்கு உரிமை என்று சொல்லும் பகுதி) உள்ள ஒவ்வொரு கூறும் அதே ஆவணத்தில் இருக்க வேண்டும். இல்லையேல், பல ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்கத் துறையறிந்தவருக்கு என்ன காரணம் இருந்தது என்று காட்ட வேண்டும்.

காப்புரிமை செல்லாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் மறுஆய்வு கேட்க, வழக்கு மனு கைக்கு வந்ததிலிருந்து 1 ஆண்டுதான் அவகாசம். அங்கே பழைய காப்புரிமைகளும் அச்சு வெளியீடுகளும்தான் அடிப்படை. பழைய ஆன்டெனாவையே தூக்கிக்கொண்டு போனாலும் எடுபடாது. அதன் சர்வீஸ் கையேடு வேண்டும், அது வெளியாருக்கு எப்போது கிடைத்தது என்பதற்கு ஆதாரமும் வேண்டும். அட்டையில் ‘ரகசியம்’ என்ற முத்திரை இருந்தால் சிக்கல்தான்.

வழக்கு கப்பல் உரிமையாளர் மீது என்றால், காப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையின் கப்பல் விலக்கை முதலில் புரட்ட வேண்டும். தற்காலிகமாகத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலில், கப்பலின் தேவைக்கே பயன்படும் கருவி காப்புரிமை மீறலாகக் கருதப்படாது. மாலுமிகள் டிவி பார்ப்பது கப்பலின் தேவையா என்று எதிர்த்தரப்பு கேட்கத்தான் செய்யும்.