உழவர் சந்தையில் பழகிய கண்ணுக்கு லண்டன் லேபிள்

மதுரை அண்ணா நகரில் 1999இல் திறந்ததுதான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை. அங்கே வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கியவர்களுக்கு, லண்டனில் இறங்கியதும் கையைக் கட்டிப் போட்டதுபோல் இருக்கும். பெரிய கடைகளில் நிறையக் காய்கள் உறைக்குள்தான் கிடக்கும். நம் ஊரில் கண்ணும் கையும் மூக்கும் பார்க்கிற வேலையை அங்கே லேபிள் பார்க்கிறது. முதல் மாதத்திலேயே அதைப் படிக்கப் பழகிவிட வேண்டும்.

பெட்டி கட்டும்போதே ஒன்று: நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருள்களைப் பயணிகள் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை.

தேதியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'யூஸ் பை' என்றிருந்தால் அது பாதுகாப்புக்கான தேதி. கறி, மீன் போன்றவற்றில் இருக்கும். அந்த நாள் தாண்டிவிட்டால் வாடை நன்றாக இருந்தாலும் சாப்பிடக் கூடாது. கெடுதல் செய்யும் கிருமிகள் எல்லாம் நாற்றம் காட்டுவதில்லை. தேதி முடிவதற்குள் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காப்பாற்றலாம். உறைநிலை விட்டதும் 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிட வேண்டும். 'பெஸ்ட் பிஃபோர்' அப்படியல்ல. அது ருசிக்கும் பக்குவத்துக்கும் போட்ட தேதி. அது தாண்டியது என்று நல்ல துவரம் பருப்பைக் குப்பையில் கொட்டுவது பெரிய பாவம். வண்டு, பூஞ்சை, சிக்கு வாடை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உழவர் சந்தைக் கண் இதில் கைகொடுக்கும்.

உப்புக்கு ஒரு கணக்கு. இந்தியப் பாக்கெட்டில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். பிரிட்டனில் உப்பு என்றே கிராமில் போடுவார்கள். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 600 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு. அங்கே பல பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் இந்த அளவுகளைச் சிக்னல் விளக்குபோல் நிறத்தில் காட்டுவார்கள்; அதற்கு மேல் போனால் சிவப்பு. சர்க்கரைக்குச் சிவப்பு 22.5 கிராமுக்கு மேல், பச்சை 5 கிராம் வரை. ஒப்பிடும்போது 100 கிராம் கணக்கையே பாருங்கள். 'ஒரு வேளைக்கு' என்று போட்டிருப்பது சில சமயம் பாதிப் பாக்கெட்டாக இருக்கும்.

அடுத்தது குடும்ப வாட்ஸ்அப் குழு. 'ஈ நம்பர் இருந்தால் விஷம்' என்று திருமங்கலத்து அத்தை அனுப்புவார், பாசத்தில்தான் அனுப்புகிறார். ஈ (E) நம்பர் என்பது உணவில் சேர்க்கும் நிறம், பதப்படுத்தி போன்றவற்றுக்கு ஐரோப்பாவில் கொடுத்திருக்கும் எண். ஆனால் ஈ100 நம் மஞ்சளில் இருக்கும் குர்குமின், ஈ300 வைட்டமின் சி, ஈ330 சிட்ரிக் அமிலம். இந்தியாவில் ஐ.என்.எஸ். (சர்வதேச எண் முறை) 330 என்று அச்சடிப்பதும் அதையேதான். சைவர்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை வேறு: ஈ120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம், ஈ471 தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். நம் ஊர்ப் பச்சைப் புள்ளி போன்ற கட்டாயக் குறி அங்கே இல்லை. எனவே பொருள் பட்டியலை முழுக்க வாசியுங்கள். வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம்; யார் எழுதியது என்பதே தொலைந்திருக்கும். சோற்று உருண்டை துள்ளினால் பிளாஸ்டிக் அரிசி என்ற வீடியோவும் அந்த வகைதான். மாவுச்சத்து இறுகினால் உருண்டை துள்ளத்தான் செய்யும். அத்தையிடம் சண்டை வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, அந்த ஈ நம்பரை வட்டமிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, விளைந்த நாட்டின் பெயர். ஜனவரியில் கென்யா என்று போட்ட பச்சை பீன்ஸ் பெரும்பாலும் விமானத்தில் வந்தது. அந்த மாதத்தில் பிரிட்டனில் விளைவது முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ், கேல் என்ற கீரை. கேலின் நடுத்தண்டை உருவிவிட்டு, இலையைப் பொடியாக நறுக்கி, முக்கால் பதம் வெந்த பாசிப்பருப்போடு 10 நிமிடம் வேகவிட்டால் முருங்கைக்கீரைக் கூட்டுக்குப் பக்கத்தில் வரும். தண்டை விட்டுவைத்தால் நார் தட்டும்.