பச்சைக் குமிழிக்காரன்

"உன்னைச் சேர்த்ததும் குழுவே பச்சையாயிடுச்சு" என்றான் நண்பன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனாலும் சுருக்கென்றது.

விஷயம் இதுதான். ஐபோனிலிருந்து இன்னொரு ஐபோனுக்கு, ஆப்பிளின் சொந்தச் செய்திச் சேவையான ஐமெசேஜில் போகும் செய்தி நீலக் குமிழியில் தெரியும். என் ஆண்ட்ராய்டுக்கு அனுப்பினால் அவர்கள் திரையில் பச்சை. அந்த நிறத்தை வைத்தே ஆளை எடை போடுகிறார்கள். (பச்சை அப்படி என்ன பாவம் செய்தது?) 2024இல் ஐபோனுக்கு எஸ்எம்எஸ்ஸின் அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ் வந்தது, படங்கள் மங்கலாவது குறைந்தது. நிறம் மட்டும் மாறவில்லை.

யோசிக்க வேண்டிய இடம் வேறு. சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கு முனைக்கு முனை மறையாக்கம், அதாவது அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படியான பூட்டு, கிடையாது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினிக்குள் புகுந்தவன் அஞ்சலட்டை போலப் படிக்கலாம். அமெரிக்காவில் அப்படி ஊடுருவல் நடந்து, 2024 டிசம்பரில் அங்குள்ள அதிகாரிகளே மறையாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்தச் சொன்னார்கள். சிக்னல், வாட்ஸப் இரண்டிலும் அது உண்டு, எந்த ஃபோனாக இருந்தாலும்.

இதையெல்லாம் அவனிடம் பொறுமையாகச் சொன்னேன். சரி சரி என்றான். நேற்று அதே பச்சைக் குழுவில் தன் மின்னஞ்சல் கடவுச்சொல்லைப் போட்டிருக்கிறான்.