வீட்டு சிந்தசைசர் ஸ்டுடியோவுக்கு டிஜிட்டல் மிக்சர்: வைவாவுக்குப் படித்தது கை கொடுத்த விதம்

சவுண்ட் என்ஜினியரிங் டிப்ளமோ வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. வெள்ளைத்தாளை நீட்டி, "மைக்கில இருந்து ஸ்பீக்கர் வரைக்கும் சிக்னல் போற வழிய வரைங்க" என்பார்கள். கெயின் (சிக்னலைப் பெருக்குவது), ஈக்யூ (தொனியை மாற்றுவது), ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை), பஸ் (பல சேனல்கள் ஒன்றுசேரும் பாதை) என்று வரைந்துகொண்டே போகும்போது நடுவில் விரலை வைத்து, "இங்க ஒரு ஆக்ஸ் எடுத்தா, ஃபேடரை இறக்கினதும் அது என்ன ஆகும்?" என்று மடக்குவார்கள். ஆக்ஸ் என்பது சிக்னலில் ஒரு பங்கைத் தனியாக வேறு இடத்துக்கு அனுப்பும் கிளை. இந்த ஒரு கேள்விக்காக மேனுவல்களின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பிளாக் டயகிராம்களைப் பார்த்து வரைந்து பழகினேன். வீட்டுக்கு மிக்சர் தேடியபோது, பார்த்த ரிவ்யூ வீடியோக்களை எல்லாம்விட அந்தப் பழக்கம்தான் உதவியது.

நீங்களும் தாளில் இருந்தே தொடங்குங்கள். இடப்பக்கம் உங்கள் கருவிகளின் அவுட்புட்களை எழுதுங்கள். கோர்க் மினிலாக், ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக் சிந்த்கள் இரண்டும் மோனோ. ஆளுக்கு ஒரு சேனல் போதும். ரோலண்ட் டிஆர்-8எஸ் டிரம் மெஷினில் ஸ்டீரியோ மிக்ஸ் போக 6 தனி அவுட்கள் இருக்கின்றன. கிக், ஸ்நேர் எல்லாம் தனித்தனியாக வேண்டும் என்றால் அது ஒன்றே 8 சேனலை விழுங்கிவிடும். அதோடு நாலு ஸ்டீரியோ சிந்த் சேர்ந்தால் 16 முடிந்தது. ரிவெர்ப், டிலே பெடல்கள் வைத்திருப்பவர்கள் அவை திரும்பி வரும் வழிக்கும் சேனல் ஒதுக்க வேண்டும். பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அடுத்தது யூஎஸ்பி. விளம்பரத்தில் மிக்சரில் இருந்து கணினிக்குள் போகும் டிராக் எண்ணிக்கையைத்தான் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் கணினியில் இருந்து மிக்சருக்குத் திரும்பி வரும் எண்ணிக்கையைப் பாருங்கள். ஜூம் எல்-12 மிக்சர் கணினிக்கு 14 டிராக் அனுப்பும், திரும்ப வருவது 4தான். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மிக்சரில் போவதும் 18, வருவதும் 18. ரெக்கார்ட் செய்த டிராக்குகளைத் தனித்தனியாக மிக்சருக்குக் கொண்டுவந்து, அங்கேயே மிக்ஸ் செய்ய ஆசைப்படுபவருக்கு எல்-12 சரிவராது. ஆனால் கணினியே வேண்டாம், வாசிப்பதை அப்படியே எஸ்டி கார்டில் பதிந்து பிறகு எடிட் செய்துகொள்கிறேன் என்பவருக்கு அது அருமையான பெட்டி. ஃபேடர்களும் கைக்கு எட்டும்.

எக்ஸ்ஆர்18-இலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 18 திரும்பி வருகிறது என்பதால் 36 சேனல் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஜாக்கில் இருந்து வருவதோ யூஎஸ்பியில் இருந்து வருவதோ, ஏதோ ஒன்றுதான் ஓடும். பெட்டியில் ஒரு ஃபேடர்கூடக் கிடையாது, எல்லாம் டேப்லெட்டில். ஒரு கையில் ஃபில்டரைத் திருகிக்கொண்டு மறு கையில் கண்ணாடித் திரையைத் தேய்ப்பது எனக்கு எரிச்சல். மிடி போர்ட் (கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் இணைப்பு) இருப்பதால் ஒரு ஃபேடர் கன்ட்ரோலரை இணைத்துச் சமாளிக்கலாம். வாங்கும்போதே அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லெவல் விஷயம் வைவாவிலும் வரும், வீட்டிலும் வரும். +4 டிபியூ (ஸ்டுடியோ கருவிகளின் லெவல்) கருவிக்கும் -10 டிபிவி (வீட்டு ஆடியோ கருவிகளின் லெவல்) கருவிக்கும் கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். அதனால் எந்தெந்த இன்புட்டில் கெயின் இருக்கிறது என்று டயகிராமில் பாருங்கள். எக்ஸ்ஆர்18-இன் 17, 18 இன்புட்களுக்கு மைக் ப்ரீஆம்ப் (சன்னமான சிக்னலைப் பெருக்கும் பகுதி) கிடையாது. சன்னமான சத்தம் தரும் கருவியை அங்கே செருக வேண்டாம்.

கோர்க்கின் வோல்கா என்ற சின்னக் கருவிகளை வைத்திருப்பவர்கள் கவனிக்க. வோல்கா கீஸ் போன்றவற்றில் இருப்பது ஹெட்போன் ஜாக் மட்டுமே. அதில் இருந்து டிஆர்எஸ் (மூன்று தொடர்புகள் உள்ள பிளக்) கேபிளை நேராக மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால் சத்தம் ஏறக்குறைய காணாமல் போகும். இடதிலும் வலதிலும் ஒரே சிக்னல் வருகிறது, பேலன்ஸ்டு இன்புட் ஒன்றில் இருந்து மற்றொன்றைக் கழிக்கிறது, மிச்சம் சுழியம். கருவி ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மோனோ முனைகளாகப் பிரியும் ஒய் கேபிள் வாங்கி, ஒரு முனையை மட்டும் செருகினால் போதும்.

சாம்பிள் ரேட்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை, 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். லேட்டன்சியும் (சத்தம் வரும் தாமதமும்) அப்படித்தான். 256 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் அளவு) வைத்தால் கணினிப் பக்கம் ஒரு வழிக்கே 5.3 மில்லிசெகண்ட் ஆகும். வாசிக்கும்போது மிக்சரில் இருந்தே நேரடியாகக் கேட்டால் அந்தத் தாமதம் காதுக்கே வராது.

பணம் கொடுக்கும் முன் மேனுவலை பிடிஎஃப்பாக இறக்கிப் படித்துவிடுங்கள். எக்ஸ்ஆர்18-ஐ இயக்கும் எக்ஸ்-ஏர் எடிட் மென்பொருளை மிக்சர் இல்லாமலேயே கணினியில் திறந்து பார்க்கலாம். ஈக்யூ, எஃபெக்ட் பக்கங்களை அப்புறம் மேயலாம். முதலில் எது எங்கே போகிறது என்று அமைக்கும் இன்புட், அவுட்புட் ரூட்டிங் பக்கத்துக்குப் போய் உங்கள் கருவிகளை ஒவ்வொன்றாக உட்கார வைத்துப் பாருங்கள். சேனல் போதவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.