மலேசியா மருமகள் வீடு

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கிள்ளானில். தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் போன குடும்பம். எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினோம் என்று சொல்ல வீட்டில் இப்போது யாரும் இல்லை. அப்படிப்பட்ட நான் மதுரை அழகர்கோயில் சாலையில் இருக்கும் அப்பன்திருப்பதிக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. வேலைக்காகவும் வரவில்லை, ஆசைப்பட்டும் வரவில்லை. என் கணவருக்குத் தலையில் அடிபட்டது. அங்கே தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாமல் அவருடைய ஊருக்கே வந்துவிட்டோம்.

அவர் கிள்ளானில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தவர். ஒரு மழைநாள் மாலை பைக் சறுக்கியது. ஹெல்மெட் போட்டிருந்தார், ஆனால் வாரை மாட்டவில்லை. விழும்போதே ஹெல்மெட் கழன்று ஓடிவிட்டது. 11 நாள் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்த பிறகும் காலையில் பேசியது மதியம் அவரிடம் நிற்காது. முன்மூளையில் அடி என்றார் டாக்டர். கை கால் சீக்கிரம் தேறிவிடும், மற்றதற்கு நாளாகும் என்றார். அந்த 'மற்றது' என்ன என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

என்னிடம் இருந்தது மலேசியப் பாஸ்போர்ட். திருமணம் பதிவாகி 2 வருடம் முடிந்திருந்ததால், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவில் தங்கியிருக்க உதவும் ஓசிஐ அட்டைக்கு எழுதிப்போட முடிந்தது. காகித வேலை நீளம்தான், ஆனாலும் ஒருநாள் முடிந்துவிட்டது. முடியாமல் நீண்டது வேறு.

வந்த புதிதில் வாசலில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா" என்று கேட்பேன். எங்கள் ஊர் வழக்கம் அது. இங்கே பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். என் மாமியார்தான், "அது நல்ல வார்த்தைத்தா, அப்படியே பேசு" என்றார். எனக்குத் தெரு தெரியாது. என் கணவருக்கோ தெரிந்த தெருவே தெரியவில்லை. பிறந்த ஊரில், வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பி வர அவரால் முடியவில்லை. அதனால் இருவருமாகக் கற்றுக்கொண்டோம். ஒரு நோட்டில் எழுதினேன்: வேப்பமரம், டிரான்ஸ்பார்மர், ரேஷன் கடை, இடது பக்கம், மண்டபம். தினமும் காலையில் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்போம். நான் இந்த ஊரைப் பழகியது அப்படித்தான். டீக்கடை அண்ணன் மூன்றாம் வாரமே புரிந்துகொண்டார். இவர் தவறான சந்தில் திரும்பினால், "மாப்ள, இந்தப் பக்கம்" என்று ஒரு குரல் கொடுப்பார். கூட வந்து கையைப் பிடித்து இழுக்கமாட்டார், ஏன் என்று கேட்கவும்மாட்டார். அந்தக் குரலுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ.

முன்மூளைதான் திட்டம் போடுவது, கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது எல்லாவற்றையும் நடத்துகிறது. என் கணவருக்குக் கூட்டலும் பெருக்கலும் மறக்கவில்லை. ஆனால் கடையில் மூன்று பொருள் வாங்கி மீதிச் சில்லறை வாங்குவதற்குள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது நழுவிவிடும். வாசனையும் போய்விட்டது. தலையில் பலமாக அடிபட்டவர்கள் பலருக்கு இப்படி ஆகிறது. பால் பொங்கிக் கருகினாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. அதனால் சிலிண்டர் ரெகுலேட்டரை அணைக்காமல் நாங்கள் யாரும் வெளியே போவதில்லை. அப்புறம் களைப்பு. காலை 11 மணிக்கு மேல் அவருக்கு மூளை ஓடாது. சோம்பேறித்தனம் இல்லை அது. அடிபட்ட மூளைக்குச் சாதாரணமாக ஒரு பேச்சைக் கேட்பதே பெரிய உழைப்பு.

இதெல்லாம் வெளியே தெரிவதில்லை. தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. நடக்கிறார், சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். "பார்க்க நல்லாத்தானே இருக்காரு" என்ற வார்த்தையை நான் கேட்காத வாரம் இல்லை. சொல்பவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள், எனக்குத்தான் நெஞ்சு அடைக்கும். ஒரு அலுவலகத்தில் ஊனச் சான்றிதழுக்கு நின்றபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "இவருக்கு என்ன குறை, நல்லா நடந்து வர்றாரே" என்றார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. அதில் தலைக்காயத்துக்கென்று தனி வகை இல்லை. கை கால் முடக்கமா, அறிவுத்திறனா, மனநோயா என்று ஏதாவது ஒரு பெயருக்குள் அவரை அடக்கவேண்டும். மூன்று தடவை அலைந்தோம். எந்தப் பெயரும் அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

உறவினர்கள் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். போனோம். அத்தைக்கு அது நிம்மதி தந்தது, எனக்கும் அன்று மனம் லேசானது. மாத்திரையை மட்டும் யார் சொல்லியும் நிறுத்தவில்லை. மூளைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு வரலாம் என்பதால் மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் கையில்தான்.

முதல் சித்திரைத் திருவிழா பெரிய சோதனை. அழகர் மதுரைக்குப் போகும் வழி எங்கள் ஊர். மண்டகப்படி, வேட்டு, கூட்டம், குழாய் ஒலிபெருக்கி. சத்தம் தாங்காமல் இவர் தட்டைத் தூக்கி எறிந்தார். அத்தையை அடிக்கக் கை ஓங்கினார். அதுவரை அம்மாவிடம் குரல் உயர்த்தாதவர். அன்று இரவு அத்தை வாசல் திண்ணையில் உட்கார்ந்து அழுததைத் தெருவே பார்த்தது. அடுத்த வருடம் நாங்கள் கேட்காமலேயே மைக்செட் தம்பி வந்து எங்கள் வீட்டைப் பார்த்து இருந்த குழாயைக் கழற்றி ரோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினான். அன்றைக்கு இவர் மொட்டைமாடியில் நின்று அழகரைப் பார்த்தார்.

ஊர் இவ்வளவு செய்தும் எனக்கு ஒரு குறை இருந்தது. மலேசியாவில் என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது பெட்டாலிங் ஜெயாவில் நாசாம் என்ற சங்கத்துக்கு அவரை அழைத்துப்போவோம். பக்கவாதம் வந்து மீண்ட ஜேனட் இயோ என்ற பெண்மணி 1996இல் தொடங்கியது. அப்பா உள்ளே பயிற்சி செய்வார், வெளியே அம்மா மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவார். அம்மாவைத் தேற்றியது அந்தப் பேச்சுதான் என்பது எனக்கு இங்கே வந்த பிறகே உறைத்தது.

இயன்முறைப் பயிற்சிக்குக் காத்திருந்த ஒருநாள் வாடிப்பட்டி அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மகனுக்கு விபத்து. அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை, உயிர் பிழைத்தான். "வீட்டுக்கு வந்த பெறகு யாரக் கேக்கன்னுதான் தெரியல" என்றார். பிறகு மெதுவாக, "அவன மாதிரியே இருக்கான், ஆனா அவன் இல்லை" என்றார். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம் அது. இருவரும் அங்கேயே அழுதோம்.

அந்த மாதமே எங்கள் வீட்டில் கூடினோம். முதலில் மூன்று குடும்பம், இப்போது ஒன்பது. அடிபட்டவர்கள் திண்ணையில் தாயம் விளையாடுவார்கள். கட்டையை உருட்டி எண்ணிக் காய் நகர்த்துவது அவர்களுக்கு நல்ல பயிற்சி. யாருடைய முறை என்று மறந்துபோனால் யாரும் கோபப்படுவதில்லை, இன்னொரு தடவை உருட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் உள்ளே இருப்போம். இரவில் எப்படிச் சமாளிக்கிறாய், பிள்ளைக்கு என்ன சொன்னாய், எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் கேட்டார்கள் என்று பேசுவோம். சிலர் பேசாமல் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுப் போவார்கள். அத்தை அவர்களுக்குப் பாய் போட்டுத் தருவார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இங்கே ஹெல்மெட் கட்டாயம். ஆனாலும் அதை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிற பையன்களைத் தினமும் பார்க்கிறேன். என் கண்ணில் பட்டால் நிறுத்திச் சொல்கிறேன்: போடு, வாரையும் மாட்டு. சிலர் மாட்டுகிறார்கள்.

மேலூர், வாடிப்பட்டி, ஒத்தக்கடைப் பக்கம் யாராவது இப்படி ஒருவரை வீட்டில் வைத்துத் தனியாகத் தவித்துக்கொண்டிருந்தால் வாருங்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை 8 மணி. 11 மணிக்குள் முடித்துவிடுவோம், அதற்குமேல் அவர்கள் களைத்துவிடுவார்கள். அப்பன்திருப்பதியில் இறங்கி டீக்கடையில் மலேசியா மருமகள் வீடு எது என்று கேளுங்கள், காட்டுவார்கள்.