டெமோ நிரல்களைத் தனிக் களஞ்சியமாகப் பிரித்த அனுபவம்

கும்பகோணத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பராமரித்துவரும் திறமூல முப்பரிமாண வரைகலை நிரலகத்தைப் பதிவிறக்க முயன்ற திருவையாற்றுக் கல்லூரி மாணவர் ஒருவர், "அண்ணா, பாதி எறங்கி நின்னுடுது, மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது" என்று தொலைபேசியில் சொன்னபோதுதான், நாங்கள் நெடுநாள் தள்ளிப்போட்டுவந்த வேலையைக் கையில் எடுத்தோம். நிரல்களை அவற்றின் மாற்ற வரலாற்றுடன் சேமிக்கும் கிட் (Git) கருவியில், ஒரு களஞ்சியத்தை நகலெடுக்கும்போது இணைப்பு இடையில் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. கைப்பேசி இணையத்தை நம்பியிருக்கும் மாணவர்களுக்கு இது பெரிய தடை.

எடைக்குக் காரணம் நிரலகம் அன்று. அதனுடன் ஒரே களஞ்சியத்தில் இருந்த, அதன் திறனைச் செய்துகாட்டும் டெமோ நிரல்களே. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் இராசகம்பீரன் மண்டபத்தைத் தேராகக் காட்டும் கற்சக்கரத்தை நாங்களே படம் எடுத்து, ஒளி நகர நகர ஆரங்களின் செதுக்கல்களில் நிழல் மாறுவதைக் காட்டும் டெமோ ஒன்றை எழுதியிருந்தோம். அதில் பக்கத்துக்கு 4096 புள்ளிகள் கொண்ட டெக்ஸ்சர் படங்களை (உருவத்தின் பரப்பில் ஒட்டும் படங்களை) அழுத்தப்படாத டிஜிஏ (TGA) படக்கோப்பு வடிவில் வைத்திருந்தோம். புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு படமே 64 எம்பி ஆகிறது. கிட் அதைச் சுருக்கிச் சேமித்தாலும், கல்லின் சொரசொரப்பு நிறைந்த புகைப்படம் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. நாங்களோ அந்தப் படங்களைப் பலமுறை திருத்தி, ஒவ்வொரு முறையும் முழுக்கோப்பையும் பதிந்திருந்தோம்.

முன்னுதாரணம் இல்லாமல் இதைத் தொடங்கவில்லை. பிரையன் பால் 1993இல் தொடங்கி 1995இல் வெளியிட்ட மெசா என்ற திறமூல வரைகலை நிரலகத் திட்டத்தில், ஜிஎல்எக்ஸ்கியர்ஸ், ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ போன்ற சிறு டெமோ, சோதனை நிரல்கள் ஒருகாலத்தில் மூலக் களஞ்சியத்திலேயே இருந்து, பின்னர் தனிக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டன.

பிரிப்பதற்கு, களஞ்சியத்தின் வரலாற்றை வடிகட்டி மாற்றி எழுதும் கிட் ஃபில்டர்-ரெப்போ கருவியைப் பயன்படுத்தினோம். இதே வேலைக்கான பழைய ஃபில்டர்-பிராஞ்ச் கட்டளையைத் தவிர்க்குமாறு கிட்டின் கையேடே அறிவுறுத்துகிறது. புதிதாக எடுத்த நகலில், டெமோ அடைவை (கோப்புறையை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வரலாற்றிலிருந்தே நீக்கச் சொன்னோம். சில நொடிகளில் முடிந்தது. ஆனால் சக்கர டெமோவின் வரலாற்றைத் திறந்து பார்த்தபோது, அதற்கு முதல் ஷேடரை (ஒளி-நிழலைக் கணக்கிடும் சிறு நிரலை) எழுதிய மன்னார்குடி நண்பரின் பெயரையே காணவில்லை. அவர் எழுதிய காலத்தில் அந்த அடைவுக்கு வேறு பெயர் இருந்தது. இந்தக் கருவி பெயர்மாற்றங்களைத் தானாகப் பின்தொடர்வதில்லை. அவருடைய உழைப்பு பதிவிலிருந்து போய்விடக் கூடாது என்பதால், பழைய பெயர்கள் அனைத்தையும் தேடித் தொகுத்து, எல்லாப் பாதைகளையும் சேர்த்துக் கொடுத்து, மீண்டும் புதிய நகலிலிருந்து தொடங்கினோம். பிரிக்கும் வேலையில் அதிக நேரம் எடுத்தது இந்தத் தேடல்தான். செலவழித்த ஒவ்வொரு மணியும் தகும் என்றே இன்றும் கருதுகிறேன்.

கமிட் எனப்படும் ஒவ்வொரு மாற்றப் பதிவின் செய்தியிலும் குறிப்பிட்டிருந்த வழு எண்கள் புதிய களஞ்சியத்தில் வேறு வழுக்களைச் சுட்டும் என்பதால், அவற்றின் முன் பழைய களஞ்சியத்தின் பெயரைச் சேர்த்தோம். வெளியீடுகளை அடையாளமிடும் குறிச்சொற்களுக்கும் ஒரு முன்னொட்டு கொடுத்தோம்.

மூலக் களஞ்சியத்தின் வரலாற்றை மாற்றி எழுதுவதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. மாற்றினால் எடை முழுவதும் குறையும். ஆனால் ஒவ்வொரு கமிட்டின் அடையாளமும் மாறி, ஏற்கெனவே நகல் வைத்திருப்போர் அனைவரும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே, அடைவை ஒரே கமிட்டில் நீக்கி, அதன் செய்தியில் புதிய களஞ்சியத்தின் முகவரியை எழுதி நிறுத்திக்கொண்டோம். முழு வரலாற்றையும் எடுப்பவருக்கு இதனால் எடை குறையவில்லை. அண்மைக் கமிட்டை மட்டும் எடுக்கும் ஆழமற்ற நகலில் டெக்ஸ்சர் படங்கள் இப்போது வருவதில்லை. முன்பு அந்த வழியில் எடுத்தாலும் அவை கூடவே வந்தன.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. நிறுவப்பட்ட நிரலகத்தை மட்டும் கொண்டு டெமோக்களைத் தொகுக்க (compile செய்ய) முயன்றபோது, பெரும்பாலானவை முதல் வரிகளிலேயே நின்றுவிட்டன. ஒரே களஞ்சியத்தில் இருந்த காலத்தில், அணி (matrix) கணக்குக்கும் படக்கோப்பு வாசிப்புக்கும் நாங்கள் நிரலகத்தின் உள்தலைப்புக் கோப்புகளை (அதன் உட்பயனுக்கு மட்டுமான அறிவிப்புக் கோப்புகளை) தயக்கமின்றிச் சேர்த்திருந்தோம். வெளியிலிருந்து பயன்படுத்துபவருக்கு அந்தக் கோப்புகள் கிடைக்கவே கிடைக்காது. எங்கள் டெமோவைப் பார்த்து எழுதிய எவரும் இதே இடத்தில்தான் முட்டி நின்றிருப்பார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. படவாசிப்பை டெமோ களஞ்சியத்துக்குள் கொண்டுபோனோம். அணிக் கணக்கில் எல்லோருக்கும் தேவையானவற்றை ஆவணத்துடன் பொது இடைமுகத்தில் சேர்த்தோம்.

இப்போது மூலக் களஞ்சியத்தில் மாற்றம் நிகழும்போதெல்லாம், தானியங்கிச் சோதனை அதை ஒரு தனி இடத்தில் நிறுவி, டெமோ களஞ்சியத்தின் குறிப்பிட்ட ஒரு குறிச்சொல்லை எடுத்து, அதன்மீது தொகுத்துப் பார்க்கிறது. திருவையாற்று மாணவர் ஆழமற்ற நகலை எடுத்து நிரலகத்தை நிறுவி, டெமோக்களைத் தனியாக இறக்கி, சக்கரத்தைத் தன் மடிக்கணினியில் ஓடவிட்டார். அவருடைய பழைய கிராஃபிக்ஸ் சில்லில் 4096 புள்ளிப் படங்கள் திணறியதால், பாதி அளவுப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தாமே எழுதி அனுப்பினார். டெமோ களஞ்சியம் பிரிந்த பிறகு அதில் சேர்ந்த முதல் புதிய கமிட் அதுதான்.