எலும்புகள் கிளம்பிப்போன நாளில் சாந்தோமுக்கு

ஜூலை 3 அன்று சென்னை மயிலாப்பூர்ப் பக்கம் இருக்கிற சாந்தோமில் கொண்டாடுவது, இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமையார் (தோமா) உயிர்விட்ட நாளை என்றுதான் எங்கள் வீட்டிலேயே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மயிலாப்பூரில் அடக்கம் செய்திருந்த அவருடைய எலும்புகளை எடுத்து எதெசாவுக்கு, அதாவது இன்றைய துருக்கியில் இருக்கிற உர்ஃபாவுக்குக் கொண்டுபோனதன் நினைவு நாள் அது. ஒரு வணிகர் கொண்டுபோனார் என்று நான்காம் நூற்றாண்டிலேயே சிரியாக் மொழிக் கவிஞர் புனித எப்ரேம் பாட்டாகப் பாடி வைத்திருக்கிறார். ஆக, நம் ஊரைவிட்டு அவர் கிளம்பிப்போனதை நம் ஊரிலேயே கொடியேற்றிக் கொண்டாடுகிறோம். இப்படி ஒரு திருவிழா வேறெங்காவது இருக்குமா, தெரியவில்லை, எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

முன்பெல்லாம் லத்தீன் முறைக் கத்தோலிக்கர்களுக்கு டிசம்பர் 21தான் தோமையார் திருநாள். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால், எல்லோரும் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்து, பாவம், யார் கண்ணிலும் படாமல் போய்விடும். 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது ஜூலை 3க்கு மாற்றினார்கள். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களுக்கு அது புதிதே இல்லை, அவர்கள் காலங்காலமாக அந்த நாளைத்தான் துக்ரானா, அதாவது நினைவு நாள் என்று கொண்டாடி வருகிறார்கள். 1972இல், அவர் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்து 1900 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை இந்தியாவின் அப்போஸ்தலர், அதாவது இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட திருத்தூதர் என்று அறிவித்தார்.

இந்த முறை அத்தையோடு போனேன். அத்தை கைப்பையில் மெழுகுவர்த்தி, ஒரு முழம் மல்லிகை, அப்புறம் நாலாக மடித்த ஒரு பெரிய தாள். என்ன அத்தை அது என்று கேட்டால், "வீட்டு பிளான்டா, பையன் கட்டப்போறான்ல, கல்லறைமேல வச்சி எடுக்கணும்" என்கிறார். கட்டடம் கட்டுகிறவர்களுக்குத் தோமையார்தான் பாதுகாவலர். அதற்குப் பின்னால் ஒரு அருமையான கதை இருக்கிறது.

சீடர்கள் எந்தெந்த நாட்டுக்குப் போவது என்று சீட்டுப் போட்டபோது தோமாவுக்கு இந்தியா விழுந்ததாம். என்னால் முடியாது, வேறு எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று மறுத்துவிட்டார். உடனே இயேசுவே வந்து, ஹப்பான் என்ற வணிகரிடம் அவரைத் தன் அடிமை என்று சொல்லி விற்றுவிடுகிறார்! தச்சு வேலை தெரியும் என்பதால் கொண்டபோரஸ் என்ற அரசன் அரண்மனை கட்டச் சொல்லிப் பணம் கொடுக்கிறான். தோமா அதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அரண்மனை எங்கே என்று அரசன் கேட்டதும், விண்ணகத்தில் கட்டிவிட்டேன், நீங்கள் இறந்த பிறகுதான் பார்க்க முடியும் என்கிறார். சிறையில் போடாமல் என்ன செய்வான். அந்த நேரம் பார்த்து அரசனுடைய தம்பி இறந்து, மேலே போய் அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பி உயிரோடு வந்து, அதை எனக்கு விற்றுவிடு அண்ணா என்று கேட்கிறான். சிரியாக் மொழியில் மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய தோமா பணிகள் என்ற நூலில் வரும் கதை இது. வெறும் கற்பனை அரசன் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த காசுகள் வடமேற்கில் கிடைத்த பிறகு, அப்படி ஒருவன் இருந்தது உறுதியானது.

ஆனால் அவன் ஆண்டது இன்றைய பாகிஸ்தானில் இருக்கிற தட்சசீலப் பக்கம். அந்த நூலில் மயிலாப்பூர் என்ற பெயரே வராது. கேரளப் பாரம்பரியப்படி தோமா கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் இறங்கி, பிறகு கிழக்கே வந்து 72இல் இங்கே உயிர்விட்டார். தெற்கே வந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதற்காக வருத்தப்பட எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஆணித் தழும்பில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னவருடைய கோயிலில் ஆதாரம் கேட்பது தப்பாகுமா என்ன!

சரி, கோயிலுக்கு வருவோம். போர்த்துக்கீசியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் கட்டியதை இடித்துவிட்டு 1896இல் எழுப்பியதுதான் இப்போதுள்ள வெள்ளைப் பேராலயம். முன்னால் நிற்கும் 155 அடிக் கோபுரத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கூரையின் நடுவில் இன்னொரு சின்னக் கோபுரம் இருக்கும், கல்லறைக்கு நேர் மேலே நிற்பது அதுதான், அதைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கல்லறைக்குப் போக, பின்பக்கம் தனி வழி. படியிறங்கிப் போனால் கீழே சின்னச் சிற்றாலயம், பீடத்துக்கு அடியில் தோமையார் படுத்திருக்கும் சுரூபம், சிலைதான். மலையாளத்தில் ஒரு குடும்பம் மெதுவாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது, பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இதையேதான் எழுதியிருக்கிறார், கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் இந்தக் கல்லறையை மதித்து வருகிறார்கள் என்று. கல்லறை மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்கள் என்பதையும் அவர்தான் எழுதி வைத்தார். இறந்த விதம் பற்றி அவர் கேட்டது வேறு கதை: தோமா ஜெபம் செய்துகொண்டிருந்தபோது, சுற்றி நின்ற மயில்களுக்கு யாரோ விட்ட அம்பு தவறி அவர்மேல் பாய்ந்துவிட்டதாம். ஈட்டிக் கதையைவிட இதுதான் மயிலாப்பூருக்குப் பொருந்துகிறது என்பேன், அத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்.

பிளானை வைத்து எடுத்த பிறகு அத்தையிடம் எலும்புகளின் கதையைச் சொன்னேன். எதெசாவிலிருந்து 1144 வாக்கில் கியோஸ் தீவுக்கு, அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனா ஊருக்கு. இப்போதும் அங்கேதான் இருக்கின்றன, இங்கே ஒரு சிறு துண்டும் ஈட்டி முனை ஒன்றும் மட்டும்தான். அப்போஸ்தலர் கல்லறைமேல் கட்டிய பேராலயம் உலகத்திலேயே மூன்றுதான், ரோம், ஸ்பெயினின் சந்தியாகோ, நம் சாந்தோம் என்று பெருமையாகச் சொல்வோமே, ஓர்த்தோனாக்காரர்கள் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார்கள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீடு மாறிப் போனாலும் பழைய விலாசத்துக்குப் போட்ட கடுதாசி போய்ச் சேரத்தானே செய்யுது" என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றப் போய்விட்டார். பிரசங்கத்தில்கூட இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை.

பிறகு சின்னமலை. சைதாப்பேட்டை பக்கம், மெட்ரோவில் இறங்கினால் பக்கம்தான். தோமா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், அத்தைக்கு முட்டிவலி, வெளியிலேயே நின்று கும்பிட்டுக்கொண்டார். பாறையில் அவர் தட்டியதும் பொங்கியதாகச் சொல்லும் ஊற்றும் அங்கேதான் இருக்கிறது.

பரங்கிமலைக்கு மட்டும் நேரம் ஒதுக்கிப் போங்கள். அவர் உயிர்விட்ட இடம் என்று சொல்வது அதைத்தான். மேலே ஏறும் கல்படிகள் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் பதினெட்டாம் நூற்றாண்டில் தன் செலவில் போட்டுக்கொடுத்தவை, சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே இருந்த மர்மலாங் பாலமும் அவர் கட்டியதுதான். பீடத்தில் இருக்கும் கற்சிலுவை 1547இல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. சுற்றிலும் பஹ்லவி எழுத்து, இடைக்காலப் பாரசீக மொழி. தோமாவே செதுக்கினார் என்பார்கள், எழுத்தைப் படித்தவர்கள் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்பார்கள். எப்படியோ, கடல் தாண்டி வந்த பாரசீகக் கிறிஸ்தவர்கள் இந்தக் குன்றில் நின்று ஜெபித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதும். 1558 டிசம்பர் 18இல் பூசை நேரத்தில் இந்தச் சிலுவையில் இரத்தம் கசிந்ததாகப் பதிவு இருக்கிறது, 1704 வரை அவ்வப்போது அப்படி நடந்ததாம்.

அதனால் அந்தக் கோயிலுக்குப் பெரிய திருவிழா டிசம்பர் 18தான். கூட்டம் பிடித்தவர்கள் அன்றைக்குப் போகலாம். மற்றவர்கள் ஜூலையிலேயே, காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் அந்தப் படிகளில் வெறுங்காலை வைக்க முடியாது. முட்டிவலிக்காரர்களுக்கு வண்டி மேலே வரை போகும் பாதை பின்பக்கம் இருக்கிறது, அத்தை அதில்தான் வந்தார்.