வார்டு நாட்குறிப்பு: முதல் ஆறு வாரம்

ஜூன் 2

நர்சிங் படிப்பில் முதன்முதலாக வார்டுக்குள் கால் வைக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இன்று தடுப்பூசி அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் எனக்கு முடிந்துவிட்டது: முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அத்தோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

"போட்டது சரி, பிடித்ததா என்று பார்த்தாயா?" என்று கேட்டார் எங்கள் ஆசிரியை மேடம். கடைசி டோஸ் முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமாம். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்க வேண்டும். எனக்கு மூன்றாவது டோஸ் போட்டு ஆறு வாரம் ஆகிறது. மதியமே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 5

முடிவு வந்தது. எனக்கு 10-ஐத் தாண்டி நன்றாகவே இருக்கிறது. வகுப்பில் ஒருத்திக்கு 4தான். அவள் மறுபடி ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாள். முகம் வாடிப்போயிருந்தாள். வார்டுக்குப் போவதற்கு முன்பே தெரிந்ததே, அதுவே பெரிய நல்லது என்று அவளிடம் சொன்னேன்.

ஜூன் 6

கை கழுவும் வகுப்பு. இதற்கு ஒரு வகுப்பா என்று யாரும் நினைக்க வேண்டாம். புற ஊதா வெளிச்சத்தில் மின்னும் ஒரு ஜெல்லைக் கையில் தடவிவிட்டு, வழக்கம்போல் கழுவச் சொன்னார்கள். நன்றாகத்தான் கழுவினேன். விளக்கின் அடியில் கையை நீட்டினால், இரண்டு கட்டைவிரலும் அடியிலிருந்து நுனிவரை நீலமாக மின்னுகின்றன. நகக்கண்களிலும் விரல் இடுக்கிலும் அதே நீலம். உள்ளங்கை மட்டும் பளிச்சென்று சுத்தம். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கட்டைவிரல்தான் அதிகம் தப்பிப்போகும் என்றார் மேடம். எனக்கும் அப்படியே இருந்தது.

சோப்பு, தண்ணீர் என்றால் மொத்தம் 40 முதல் 60 நொடி. ஆல்கஹால் ரப் என்றால் 20 முதல் 30 நொடி, கை காயும்வரை தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் ரப் போதாது. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசீல் என்ற குடல் கிருமியால் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தாலும் சோப்பும் தண்ணீரும்தான். அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

அப்புறம் செம்மல்வைஸ் என்ற மருத்துவரின் கதையைச் சொன்னார்கள். 1847, வியன்னா பொது மருத்துவமனை. பிணக்கூறு அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவர்களையும் மாணவர்களையும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார் அவர். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கியது. இது எனக்கு முன்பே தெரியும். தெரியாத பாதி ஒன்று இருந்தது. அவருடைய நண்பர் கொலெட்ச்கா பிணக்கூறு செய்துகொண்டிருந்தபோது, ஒரு மாணவனின் கத்தி தவறி அவர் விரலில் பட்டது. அந்தக் காயத்திலேயே அவர் இறந்துபோனார். தாய்மார்களின் உடலில் கண்ட அதே அறிகுறிகளை நண்பரின் பிணக்கூறு அறிக்கையிலும் படித்த பிறகுதான் செம்மல்வைஸுக்கு விஷயம் பிடிபட்டது. செம்மல்வைஸின் கை கழுவும் விதி பிறந்ததே ஒரு மருத்துவரின் விரல் காயத்திலிருந்துதான். அந்த மாணவன் பிற்பாடு என்ன ஆனான் என்று நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9

முதல் நாள் வார்டு. கால் வலி. கையுறை போட்ட கையோடு போனை எடுத்ததற்குத் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு. கையுறை காப்பது என் கையைத்தான், கையுறை தொட்ட பொருளை அல்ல. கழற்றியதும் மறுபடி கை கழுவ வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் அதில் இருக்கலாம்.

ஜூன் 17

பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் படுக்கையில் கீழே சரிந்திருந்தார். நான் அவர் அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்கப் போனேன். சீனியர் அக்கா "விடு, விடு" என்று ஓடி வந்தார். அவருக்குத் தோள்பட்டை நழுவும், எனக்கு இடுப்பு போகும்.

அக்கா செய்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் கட்டிலின் சக்கரப் பூட்டு. பிறகு கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். வழுக்குத் துணியைப் பெரியவரின் அடியில் விரித்தோம். இரண்டு பக்கமும் ஆள், காலை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி. "ஐயா, மூணு சொன்னதும் மேல நகர்த்துறோம், தாடையை நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கோங்க" என்று அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் எண்ணினார். துணி சரசரவென்று நகர்ந்தது. எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் உச்ச அளவு 35 பவுண்டு, அதாவது 16 கிலோ. நல்ல உடல்வாகு உள்ளவரின் ஒரு கால் மட்டுமே அதை நெருங்கிவிடும். இந்த வேலையில் பலம் உள்ளவர் தூக்கட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமலே இடுப்பு வலியோடு ஓய்வு பெற்றவர்களை நினைத்தால் மனது கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 24

கவுன், மாஸ்க் கழற்றும் பயிற்சி. போடும்போது எல்லாருக்கும் கவனம் இருக்கிறது, கழற்றும்போது இல்லை. கையுறை முதலில், என்95 மாஸ்க் கடைசியில், அதுவும் அறைக்கு வெளியே வந்த பிறகு. மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல் பட்டையைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.

ஜூலை 1

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

காலை 7.40. இன்சுலின் ஊசி போட்டேன். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் ஷார்ப்ஸ் பெட்டி வார்டின் அந்தக் கோடியில் இருந்தது. அடுத்த கட்டிலில் அழைத்தார்கள். ஊசியைக் கிட்னி ட்ரே என்ற வளைந்த தட்டில் வைத்து, பஞ்சையும் அதிலேயே போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பஞ்சை எடுத்தபோது சுருக்கென்றது. கையுறைக்குள் ஒரு பொட்டு ரத்தம்.

மறுநாள் எனக்குச் செய்முறை மதிப்பீடு. யாருக்கும் தெரியாது. சின்ன ஊசிதானே என்று மனம் சொல்கிறது. கையைக் கழுவிவிட்டு, வேறு கையுறை மாட்டிக்கொண்டு இரத்த அழுத்தம் பார்க்கக்கூடப் போய்விட்டேன். எண்கள் எதுவும் மண்டையில் ஏறவில்லை. வகுப்பில் எழுதிவைத்த மூன்று எண்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன: 30, 3, 0.3. கிருமி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வர நூற்றுக்கு 30 வரை, சி வர 3 வரை, எச்.ஐ.வி. வர 0.3. சரியாக எட்டு மணிக்கு, இருபது நிமிடம் கழித்து, சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "அழுத்திப் பிதுக்கினியா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்றார். பிதுக்கினால் திசுதான் கெடும், ஒரு பயனும் கிடையாது. ஓடும் தண்ணீர், சோப்பு, அவ்வளவுதான். பிறகு என் கையில் இருந்த மற்ற வேலைகளை அக்காவிடம் ஒப்படைத்து, அவரே என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

எந்த வகை ஊசி, எவ்வளவு ஆழம், ரத்தம் தெரிந்ததா, நேரம் என்ன என்று டாக்டர் கேட்டு எழுதினார். ஹெபடைடிஸ் பி அளவு நன்றாக இருந்ததால் அந்தக் கவலை அங்கேயே தீர்ந்தது. ஜூன் 2-ல் ரத்தம் கொடுத்ததை நினைத்துக்கொண்டேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் முதல் வேளையை உடனே கொடுத்தார். முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போனால் தொடங்குவதில் பலன் இல்லை, தொடர்ந்தால் 28 நாள் என்றார். நோயாளியிடம் விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி அவர் ரத்தத்தையும் அனுப்பினார்கள்.

இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஜூலை 2

அந்த நோயாளியின் ரத்தத்தில் மூன்று கிருமியுமே இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்து "உனக்கு ஒண்ணும் ஆகலையே கண்ணு" என்றார். குத்தியது என் அவசரம். பயந்தது அவரும்தான்.

மதிப்பீட்டை மேடம் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார். சொல்லாமல் இருக்க நான் வைத்திருந்த ஒரே காரணம் அதுதான்.

ஜூலை 8

சம்பவ அறிக்கையில் "பெட்டி தூரத்தில் இருந்தது" என்று எழுதியிருந்தேன். சாக்குபோலத் தெரியுமோ என்று தயங்கித்தான் எழுதினேன். இன்று காலை மருந்து வண்டியின் பக்கவாட்டில் சின்ன ஷார்ப்ஸ் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறது. ஊசி போட்டேன், ஓர் அடிகூட நகராமல் உள்ளே போட்டேன். டக்கென்ற சத்தம்.

இன்னும் இரண்டு மாணவிகள் இன்று என்னிடம் வந்து பேசினார்கள். அவர்களுக்கும் குத்தியிருக்கிறது, போன மாதம். யாரிடமும் சொல்லவில்லையாம். இருவரையும் சிஸ்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரைக்கு நேரம் கடந்துவிட்டது, ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஜூலை 14

புதிய தொகுதி மாணவர்கள் வந்திருக்கிறார்கள். ஒரு தம்பி ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு மூடி தேடினான். மூடி போடாதே தம்பி, அப்படியே பெட்டிக்குள் போடு என்றேன். பெட்டி முக்கால் அளவைத் தாண்டியிருந்தது. பூட்டிவிட்டு, புதுசு மாட்டி, அவன் போடும்வரை பக்கத்திலேயே நின்றேன்.